கதவைப் பார்த்த சபை

எங்கள் ஊர் ஹார்லன்ஸ் மில்லில் பாப்டிஸ்ட் சபை ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் இரண்டாம் பாப்டிஸ்ட் சபை. முதல் சபை எங்கே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பியானோவைப் பிரசங்க மேடைக்கு இடப்பக்கம் வைப்பதா, வலப்பக்கம் வைப்பதா என்று என் அம்மா காலத்தில் வந்த தகராறில் பிரிந்து வந்தவர்கள் நாங்கள். வலப்பக்கக்காரர்கள் எல்லாரும் காலமாகிவிட்டார்கள். நாங்கள் இடப்பக்கம். அந்தப் பியானோவை வாசிப்பவள் நான்.

பியானோக்காரிக்கு ஒரு சௌகரியம் உண்டு. சபையார் பாஸ்டரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், பாஸ்டர் சபையாரைப் பார்த்து நிற்பார். குறுக்கே உட்கார்ந்து இரண்டு தரப்பையும் பார்க்கக் கூடியவள் நான் ஒருத்திதான். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அது காப்பிப் பாத்திரத்தில் ஆரம்பித்தது. மே மாதத்து ஞாயிறு. பாஸ்டர் லஸ்க் ஷெரிஃபுக்காகவும், சோயா விலைக்காகவும், வில்மா டேக்கெட்டின் முழங்காலுக்காகவும் வரிசையாக ஜெபித்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கண் மூடியிருந்தது. பின்கட்டுச் சமையலறையில் ஆராதனைக்குப் பிறகு குடிப்பதற்காகக் கொதித்துக்கொண்டிருந்த பெரிய காப்பிப் பாத்திரத்தின் மூடி 'டமார்' என்று தெறித்தது.

எங்கள் மிசௌரி மாநிலத்தில் துணிக்கடியில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. சபைக்குள் கொண்டுவர மட்டும் பாஸ்டர் சம்மதிக்க வேண்டும். தலைமை மூப்பர் வெர்ஜில் கிம்ப்ரோ கேட்டுச் சம்மதிக்காத பாஸ்டர் எங்களுக்கு வாய்த்ததில்லை. ஆகவே ஏறக்குறைய எல்லாரிடமும் ஒன்று இருந்தது. என் கைப்பையிலும் இருமல் மிட்டாய்க்கு அடியில் ஒன்று கிடந்தது. இல்லையென்றால் மற்றப் பெண்கள், "ஏன் நோரீன், உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

சத்தம் கேட்டதும் சபையே தன் தன் உடுப்புக்குள் கையை விட்டது. வெர்ஜில் தன்னுடையதைக் கணுக்காலில் கட்டியிருந்தார். எடுக்கக் குனிந்தார். குனிந்தது குனிந்ததுதான், நிமிர முடியவில்லை. இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். இன்னொரு மூப்பர் ஆரின் ஸ்வோப் முதுகுப் பக்கம் செருகியிருந்ததை உருவியபோது கால்சட்டை வாரும் கூடவே வந்தது. வில்மாவுக்கு வயது எழுபத்தொன்பது. கைப்பையைப் பெஞ்சில் கவிழ்த்து, பின்னல் ஊசி, பல்செட் டப்பா எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து வாசலை நோக்கிக் குறிபார்த்தாள். பாஸ்டர் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

சமையலறைப் பக்கமிருந்து மெர்ல் ஓபர்பெக் தரை துடைக்கும் மாப்புடன் எட்டிப்பார்த்தார்.

"காப்பி போச்சு. டீ போடட்டுமா?"

மெர்ல் எங்கள் வாசல்காரர். சம்பளம் கிடையாது. வருகிறவர்களுக்குக் கைகொடுத்து, பாட்டுப் புத்தகம் நீட்டி, உட்காரும் இடம் காட்டுவார். பெரிய கை, தச்சு வேலை பார்த்த கை. இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கையைத் தொடாமல் எங்கள் சபைக்குள் யாரும் நுழைந்ததில்லை.

அன்று மாலையே வெர்ஜில் கூட்டம் போட்டார். அவருக்குக் கேஸ் சிலிண்டர் வியாபாரம். பேச எழுந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைப்பார். அதைப் பார்க்க மாட்டார்.

"பிரதர்ஸ், சிஸ்டர்ஸ். இன்னைக்கு ஆண்டவர் நம்மள காப்பாத்திட்டாரு. ஆனா ஒவ்வொரு தடவையும் அவரையே தொந்தரவு பண்றது மரியாதை இல்ல. நம்மகிட்ட ஆயுதத்துக்குக் குறை இல்ல. குறை எங்க இருக்கு? அத வச்சிருக்கிற ஆளுகிட்ட இருக்கு. உடம்பு தயாரா இல்ல. மனசு தயாரா இல்ல."

"காப்பியும் தயாரா இல்ல" என்றாள் வில்மா.

அதை யாரும் குறிப்பில் சேர்க்கவில்லை. 'உடல்-மன ஆயத்த ஊழியம்' என்று ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் வெர்ஜில். பயிற்சி கொடுக்கப் பக்கத்து மாவட்டத்திலிருந்து மேஜர் க்ளேட்டன் ரடிக் என்பவரை வரவழைத்தார்கள். ஒட்ட வெட்டிய நரைத்தலை, இரும்புத் தகடு போல முதுகு, கறுப்புக் கண்ணாடி. எந்தப் படையில் மேஜர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நம் நாட்டுப்பற்றைச் சந்தேகிப்பார்கள்.

முதல் சனிக்கிழமை அவர் எங்களை வரிசையில் நிறுத்தி மூன்று சுற்று நடந்தார்.

"நான் உங்கள பயமுறுத்த வரல. ஆனா நீங்க பயப்படணும். பயப்படாதவன் செத்துப்போவான். பயந்தவன் தயாரா இருப்பான். தயாரா இருக்கிறவனுக்குப் பயமே இருக்காது. புரிஞ்சுதா?"

எல்லாரும் புரிந்தது என்றோம். மெர்ல் மட்டும் கையைத் தூக்கினார்.

"அப்ப பயம் போயிட்டா செத்துருவமா, மேஜர்?"

மேஜர் அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

முதலில் உடம்பு. பெஞ்சிலிருந்து முனகாமல் எழுந்திருக்க வேண்டும். முதல் நாள் ஒருவரும் தேறவில்லை. ஒற்றை முழங்காலில் மண்டியிட்டு எழ வேண்டும். ஐம்பது வருஷமாக ஜெபிக்கிற மூப்பர்கள் யாருக்கும் மண்டியிடத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வில்மா மட்டும் சுலபமாக இறங்கி ஏறினாள். அவள் வாரம் மூன்று நாள் நீச்சல்குளத்தில் உடற்பயிற்சிக்குப் போகிறவள். அவளைப் போலச் செய்யும்படி மேஜர் ஆண்களுக்குச் சொன்னார். ஆண்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பயிற்சி கைவிடப்பட்டது.

பிறகு சாப்பாடு. ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். வறுத்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, பச்சை பீன்ஸ், பீச் பழம் வைத்துச் சுட்ட பீச் பை. மேஜர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வலது கையில கோழி எண்ணெய்! இப்ப ஒருத்தன் உள்ள நுழைஞ்சா? துப்பாக்கி வழுக்கும்ல?"

அன்றிலிருந்து எல்லாரும் இடது கையால் சாப்பிட்டோம். வலது கை மடியில் துடைத்துவைத்த பாத்திரம் போலச் சும்மா இருந்தது. பீன்ஸ் தரையில் உருண்டது. மூப்பர்கள் பிள்ளைகளைப் போலக் கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டார்கள். ஆரின் தன் மனைவிக்கு ஊட்டிவிடப் போய் அவள் மூக்கில் குழம்பைத் தடவினார். அதற்கப்புறம் அந்த வீட்டிலேயே ஒரு ஆபத்து நிலவரம் ஏற்பட்டது.

துப்பாக்கி வைத்திருப்பது வெளியே தெரியக் கூடாது என்பது அடுத்த பாடம். அதற்காக எல்லாருக்கும் ஒரே மாதிரி மண் நிற அரைக்கோட்டு வாங்கினார்கள். ஏகப்பட்ட பைகள். எந்தப் பையில் இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியாது என்றார் மேஜர். பலசரக்குக் கடையில் எங்களைப் பார்த்தால் கல்லாப் பெண், "ஓ, ரகசியமா துப்பாக்கி வச்சிருக்கிற சபைதானே நீங்க?" என்று கேட்பாள்.

அப்புறம் மனசு. மனசுதான் கஷ்டம் என்றார் மேஜர். மனசின் முதல் விதி, கண்ணை மூடாதே. ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடினால் எதிரிக்குக் கொண்டாட்டம். ஆகவே முறைவைத்தார்கள். இடது வரிசை கண் மூடி ஜெபிக்கும்போது வலது வரிசை விழித்திருக்கும். பாதி ஜெபத்தில் மேஜர் விரலைச் சொடுக்குவார், உடனே மாற வேண்டும். இரண்டு தரப்புக்கும் பாதி ஜெபந்தான் கிடைத்தது. சோயா விலைக்கு ஜெபித்தவர்கள் வில்மா முழங்காலைத் தவறவிட்டார்கள்.

இரண்டாம் விதி, வாசலுக்கு முதுகு காட்டாதே. இதைச் சொன்ன மறுவாரம் எல்லாரும் கடைசிப் பெஞ்சுக்கு அடித்துக்கொண்டார்கள். எங்களில் எவரும் முன்பெஞ்சில் விரும்பி உட்கார்ந்தவர்களல்ல, என்றாலும் இந்த அளவுக்குப் போட்டி இருந்ததில்லை. கடைசியில் வெர்ஜிலே ஒரு வழி கண்டுபிடித்தார். பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டார்கள். மொத்தச் சபையும் வாசற்கதவைப் பார்த்து உட்கார்ந்தது, முதுகு பாஸ்டருக்கு.

"உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே, பாஸ்டர்?" என்றார் வெர்ஜில்.

பாஸ்டர் லஸ்குக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று குழந்தைகள். வீடு சபையின் வீடு. கொஞ்ச நேரம் பின்மண்டைகளைப் பார்த்தார்.

"முன்னாடியும் பிரசங்கத்த யாரும் கேக்கல. ஆனா யாரு தூங்குறாங்கன்னாவது தெரிஞ்சுது" என்றார்.

அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

அந்த ஞாயிறு வெளியூர்த் தம்பதி ஒன்று வழிதவறி ஆராதனைக்கு வந்தது. கதவைத் திறந்தார்கள். மண் நிறக் கோட்டு போட்ட முழுச் சபை, ஒரு கை கோட்டுக்குள், கண்ணிமைக்காமல் அவர்களையே பார்த்தது. அந்த அம்மாள், "மன்னிச்சிருங்க, சாவு வீடுன்னு தெரியாம வந்துட்டோம்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

மேஜரின் வண்டவாளம் இதற்கிடையில் வெளியே வந்தது. வில்மாவின் தங்கை அவர் ஊர்க்காரி. அவர் பள்ளிக்கூடப் பாண்டு வாத்தியக் குழுவுக்கு முன்னால் கோலைச் சுழற்றிக்கொண்டு போனவர். அந்தப் பதவிக்கும் மேஜர் என்றுதான் பெயர். வில்மா இதைக் கூட்டத்தில் போட்டு உடைத்தாள். வெர்ஜில் அசரவில்லை.

"சிஸ்டர், நூறு பேர் பின்னாடி வர, திரும்பிப் பாக்காம முன்னாடி போறதுக்கு எவ்வளவு மன உறுதி வேணும் தெரியுமா?"

திரும்பிப் பார்க்காதவர் எங்களுக்கு முதுகைக் காட்டாதே என்று சொல்லித் தருகிறாரே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் பியானோக்காரி.

மெர்ல்தான் பாவம், எதிலும் தேறவில்லை. அவரிடமும் ஒரு துப்பாக்கி உண்டு, மைத்துனர் கொடுத்தது. இடுப்பில் செருகினால் கால்சட்டை இறங்கியது. மனைவி ஃபெர்ன் இறந்துபோன பிறகு ரொம்ப இளைத்துவிட்டார். அதைவிடப் பெரிய தகராறு கைகொடுப்பது. வாசல்காரர்தான் முதல் அரண், அவர் கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும், யாருக்கும் கைகொடுக்கக் கூடாது என்று மேஜர் உத்தரவு போட்டார். ஒரு தோளைப் பின்வாங்கிச் சாய்வாக நிற்க வேண்டும். சிரிக்கலாம், ஆனால் பல் தெரியக் கூடாது.

"கை குடுக்கலன்னா நான் எதுக்கு அங்க நிக்கிறேன்?" என்றார் மெர்ல்.

"அளவெடுக்க. வர்றவன் கையப் பாருங்க. முகத்தப் பாக்காதீங்க. முகம் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் மெர்ல்.

பரீட்சை வைத்தார்கள். மேஜரே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெறிபிடித்த அந்நியனாக வாசலில் வந்து நின்று கத்தினார். "எல்லாத்தையும் எடு! இப்பவே! இல்லன்னா என்ன நடக்கும்னு எனக்கே தெரியாது!"

மெர்ல் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

பயிற்சியை நிறுத்தினார்கள். மேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "அவன் கையப் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன். நகம் கடிச்சிருக்கு. நீங்க ராத்திரி தூங்குறதில்லையா, மேஜர்?"

மூன்று தடவை வைத்தார்கள். மூன்றாவது தடவை மேஜர் பதிலுக்குத் தன் தூக்கமின்மையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டார். அதற்கும் மெர்லுக்குத்தான் மதிப்பெண் குறைந்தது.

ஜூலை முதல் வாரத்தில் குழு முடிவெடுத்தது. வரும் ஞாயிறோடு மெர்ல் வாசலிலிருந்து விலக வேண்டும். சேதி சொல்லும் வேலை பாஸ்டருக்கு. பாஸ்டர் அதைச் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

அன்று பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே மெர்ல் என்னிடம் பேசினார்.

"ஃபெர்ன் போனதுக்கப்புறம் வீட்ல பேச்சுச் சத்தத்துக்குக் குறை இல்ல, நோரீன். டிவி இருக்கு. என் மக ஃபோன் பண்றா. தொடுறதுதான் இல்ல. மனுஷக் கை. ஞாயித்துக்கிழமை காலைல ஒரு நாப்பது கை கிடைக்கும். சிலது சூடு, சிலது சில்லுனு. அத வச்சு வாரத்த ஓட்டிருவேன்."

என் கையில் புத்தகக் கட்டு இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்திருக்கலாம். வைக்கவில்லை.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கு மேஜரும் வெர்ஜிலும் ரகசியமாக ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். முழு ஆயத்தப் பரீட்சை. மேஜரின் மச்சான் லீலண்ட், டயர் கடையில் வேலை பார்க்கிற ஆள். தடித்த கோட்டு, முகமூடி, ரப்பர் துப்பாக்கி சகிதம் பிரசங்கத்தின் நடுவில் கத்திக்கொண்டு உள்ளே பாய வேண்டும். சபைக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் பரீட்சை இல்லை. சபையிடம் இருப்பவை ரப்பர் அல்ல என்பதை லீலண்டுக்கும் சொல்லவில்லை. அது ஏன் என்று ஷெரிஃப் ஆபீஸ்காரர் பின்னால் கேட்டபோது, "அவனும் மனசளவுல தயாரா வரணும்ல" என்று மேஜர் பதில் சொன்னார்.

வாசற்படியில் நடந்ததை மெர்லும் லீலண்டும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போயிற்று.

மெர்ல் சாத்திய கதவுக்கு வெளியே நின்றிருந்தார். தார் உருகுகிற வெயில். அதில் ஒரு ஆள் குளிர்காலக் கோட்டு போட்டு, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, வியர்வை சொட்டப் படியேறினார். மெர்ல் வழக்கம் போலக் கையை நீட்டினார். நீட்டிய கையைக் கண்டு லீலண்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கைகொடுத்தார்.

"மெர்ல் ஓபர்பெக். வாங்க, வாங்க. உங்க கை இப்படி நடுங்குதே?"

"முதல் தடவைங்க" என்றார் லீலண்ட். "நான் கத்திக்கிட்டே உள்ள போகணும். க்ளேட்டன் என் அக்கா புருஷன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு."

மெர்ல் அவர் கையை விடவில்லை.

"உள்ள என்ன இருக்குன்னு சொன்னாரா?"

"ஏதோ ஜெபக் கூட்டம்னாரு."

"முப்பது பேருக்கு மேல இந்தக் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, தம்பி. எல்லார்கிட்டயும் துப்பாக்கி. எல்லாத்துலயும் குண்டு. ரெண்டு மாசமா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

லீலண்ட் அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு" என்றார். அதை இரண்டு மூன்று தரம் சொன்னாராம்.

மெர்ல் அவருடைய கோட்டையும் முகமூடியையும் கழற்றிப் படிக்கட்டுக் கைப்பிடியில் போட்டார். ரப்பர் துப்பாக்கியை அதன் மேல் வைத்தார். தோளைப் பிடித்துச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். பியானோ பக்கத்து ஜன்னலை ஒட்டி இரண்டு பேரும் சமையலறைக்குள் போவதை நான் பார்த்தேன். ஐஸ் டீ ஊற்றும் சத்தமும் கேட்டது.

உள்ளே பிரசங்கம் போய்க்கொண்டிருந்தது. சுவரோரம் நின்றிருந்த மேஜர் வெர்ஜிலைப் பார்த்தார். வெர்ஜில் கடிகாரத்தைப் பார்த்தார், என் வாழ்நாளில் முதல் முறையாக. ஆள் வரவில்லை. பாஸ்டர் இரண்டாம் பகுதிக்குப் போய்விட்டார். மேஜர் பொறுமை இழந்து மெதுவாகக் கதவைத் திறந்து வெளியே போனார். கழிப்பறைக்குப் போகிறார் என்று நினைத்தோம்.

வெளியே அவர் கண்டது கைப்பிடியில் தொங்கிய கோட்டும் முகமூடியும். ஆள் ஓடிவிட்டான். பரீட்சை நின்றுபோனால் பெயர் என்னாவது? கோட்டை மாட்டிக்கொண்டார். முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த முப்பது பேரையும் தயார்செய்தவர் அவர்தான். அவர்கள் சுட்டால் படும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை போலும்.

கதவு படாரென்று திறந்தது.

"எல்லாரும் கையத் தூக்குங்க!"

பாதிப் பேர் தூக்கிவிட்டார்கள். சொன்னால் கேட்கிற சபை எங்களுடையது. மீதிப் பேர் கோட்டுப் பைகளைத் தடவ ஆரம்பித்தார்கள். அந்தப் பை, இந்தப் பை, உள்பை, ஜிப் வைத்த பை. எதிரிக்குத் தெரியக் கூடாது என்று வைத்தது அவர்களுக்கும் தெரியவில்லை. ஆரின் மேஜர் கற்றுத்தந்த மூச்சுப் பயிற்சியை ஆரம்பித்து, இழுத்த மூச்சை எப்போது விடுவதென்று மறந்து நீலமாகிக்கொண்டிருந்தார். வில்மா, "சத்தமா பேசுப்பா, கேக்கல" என்றாள்.

பெஞ்சில் இருந்தவர்களில் இது பரீட்சை என்று தெரிந்த ஒரே மனிதர் வெர்ஜில். சுட்டதும் அவர்தான். மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று கணுக்காலுக்குக் குனிந்திருக்கிறார். பாதியில் பிடித்துக்கொண்டது. விரல் எங்கோ பட்டு, அவர் காலிடுக்கு வழியாகப் பின்பக்கம் போயிற்று குண்டு. அது மேடையைத் தாண்டி, பின்சுவரை ஒட்டியிருந்த ஞானஸ்நானத் தொட்டியின் முன்கண்ணாடியில் பட்டது.

எங்கள் தொட்டி பெரியது. ஆளை முழுசாக முக்கி எடுக்கிற தொட்டி. அடுத்த வார ஞானஸ்நானத்துக்காக நிரப்பியிருந்தோம். கண்ணாடி ஒரு நொடி யோசித்தது. பிறகு தண்ணீர் மொத்தமாக வந்தது. பாஸ்டர் லஸ்கை முழங்காலில் அடித்து உட்கார வைத்தது. பெஞ்சுகளுக்கு அடியில் ஓடி எல்லார் காலையும் நனைத்தது. யாரும் விடுபடவில்லை. நடைவழியில் இறங்கி வாசல் வரை போய் முகமூடிக்காரரின் காலை வாரிவிட்டது. அவர் மல்லாந்து விழுந்தார். வில்மா தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்துபோய் முகமூடியை உருவினாள்.

"அட, நம்ம மேஜரு."

அப்போதுதான் ஆரின் மூச்சை விட்டார்.

நான் இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்று சிரிக்கவில்லை. குண்டு என் முக்காலியிலிருந்து ஒரு முழத்தில் போயிருந்தது. பாட்டுப் புத்தகத்தின் தாள்கள் அது போன காற்றில் புரண்டதை நான் கண்ணால் பார்த்தேன். காது அடைத்துவிட்டது. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன், உடம்பு கேட்கவில்லை. சபையே மேஜரைச் சுற்றி நின்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தது. சமையலறைக் கதவு வழியாக மெர்ல் வந்தார். என் முன்னால் தண்ணீரிலேயே மண்டியிட்டு என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வருகிறவரை நான் அந்தக் கையை விடவில்லை.

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்தவர் ஒவ்வொருவரிடமும் உள்ளே பாய்ந்த ஆள் எப்படி இருந்தான் என்று விசாரித்தார். ஆறரை அடி உயரம் என்றார்கள். தாடி என்றார்கள். இரண்டு பேர் என்றும் ஒருவர் சொன்னார். மேஜர் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குழு அவசரமாகக் கூடியது. வெர்ஜில் வழக்கம் போலக் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்.

"நடந்தத நாம நேர்மையா ஆராயணும். எதிரி உள்ள வந்தானா? வந்தான். முன்னேற முடிஞ்சுதா? முடியல. விழுந்துட்டான். அவன விழவச்சது யாரு? நம்ம சபையோட துரித நடவடிக்கை."

"உங்க குண்டு தொட்டில பட்டுச்சு, வெர்ஜில்" என்றாள் வில்மா.

"எங்க பட்டா என்ன, சிஸ்டர்? பலன் என்னன்னு பாக்கணும். இதுல ஒரே ஒரு பாதுகாப்பு ஓட்டைதான். முதல் எதிரிய வாசல்ல வச்சே பிடிச்சும், அவனப் பின்வாசல் வழியா உள்ள கூட்டிட்டுப் போயி, டீ குடுத்து, என் வீட்டுக்காரி செஞ்ச பீச் பையில ரெண்டு துண்டு குடுத்திருக்காரு ஒருத்தரு. பெயர் சொல்ல விரும்பல, மெர்ல்."

எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள், எனக்கும். மெர்லுக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு வாசலில் மெர்ல் இல்லை. தேறிய இருவர் கோட்டோடு நின்றார்கள், ஆரினும் இன்னொரு மூப்பரும். புதுப் பரிசோதனை. வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, "துப்பாக்கி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றவர்களை உடனே உள்ளே விட்டார்கள். இல்லை என்றவர்களை ஓரமாக நிறுத்தி, ஏன் இல்லை, எப்போதிலிருந்து இல்லை, உள்ளே என்ன நோக்கத்தோடு வருகிறீர்கள் என்று விசாரித்தார்கள். போன வாரத்துக்குப் பிறகு நிறையப் பேர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். வரிசை படியிறங்கி, கார் நிறுத்துகிற இடம் வரை நீண்டது.

அங்கே வாதுமை மரத்தடியில் மெர்ல் நின்றிருந்தார். வாசல்தான் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. மரத்தைப் பற்றிக் குழு ஒன்றும் சொல்லவில்லை. வரிசையில் நிற்கிறவர்களுக்கு அவர் கைகொடுத்துக்கொண்டிருந்தார். கைகொடுத்தவர்கள் நிழலில் நின்று பேச ஆரம்பித்தார்கள். லீலண்ட் தன் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே போனவர்களும், வெளியே என்ன பேச்சு என்று பார்க்க ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஈரக் கம்பளத்தின் நாற்றம் வேறு. வரிசையில் கடைசியாகச் சிக்கியவர் பாஸ்டர் லஸ்க். அவரிடம் துப்பாக்கி கிடையாது. எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆரினிடம் கேட்டார். சொல்ல முடியாது என்றார் ஆரின். பாஸ்டர் மரத்தடியைப் பார்த்தார். அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். முன்பக்கமாக, முகத்தோடு. அவர் அங்கேயே வேதப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஆரினும் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

நான் மட்டும் உள்ளே இருந்தேன். பியானோவைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. ஈரத்தில் ஊறி அதன் கட்டைகள் பாதி மேலே எழும்பவில்லை. வெர்ஜில் முன்பெஞ்சில் தனியாகக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளியே பாட்டு ஆரம்பித்தது. பியானோ இல்லாமல் சுருதி அங்குமிங்கும் போயிற்று. நான் மூடியைச் சாத்திவிட்டு எழுந்தேன்.

"நீங்களும் போறீங்களா, சிஸ்டர்?" என்றார் வெர்ஜில்.

"நீங்களும் வாங்களேன். எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

"நானும் வந்துட்டா சபைய யாரு காப்பாத்துறது?"

"யார்கிட்டேருந்து, வெர்ஜில்?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அதற்கப்பால் வெயிலில் பாடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார்.

"வெளிய இருக்கிறவங்ககிட்டேருந்து" என்றார்.

நான் படியிறங்கினேன். எனக்குப் பின்னால் உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.